மேற்படி மூவரும் ஒருவரே

விலக்குக் கோரும் தாள்களுக்கு எதிரே
டிக் செய்க என்றது படிவம்.
ஆறு கட்டங்கள்.
ஆறிலும் போட்டுவிடலாமா என்று
பேனா ஒரு நிமிடம் நின்றது.
பேராசை இல்லை, களைப்பு.

லீட்ஸில் பதினோரு வருடம்
வேலை பறிபோனவர்களுக்காக வாதாடினேன்.
பஸ் டிரைவர்கள், ஒரு பேக்கரிப் பெண்,
தொழுகைக்கு எட்டு நிமிடம் கேட்ட கிடங்குக்காரர்.
பிறகு எங்கள் அலுவலகமே மூடியது.
என்னை நீக்கிய கடிதத்தில்
சட்டப்படி மூன்று பிழை.
திருத்தி அனுப்பினேன்.
நன்றி சொல்லிக் கையெழுத்திட்டு
மறுபடி நீக்கினார்கள்.
விசாவுக்கு மிச்சம் அறுபது நாள்.

டெல்லி, ஜூலை.
மூன்றாம் மாடி, ஏழாம் கவுண்டர்.
சஹ்தேவ் நேகி என்று பெயர்ப்பலகை.
அவர் முதலில் கேட்டது சட்டம் அல்ல,
சர்நேம்.
இல்லை என்றேன்.
இல்லாமல் எப்படி என்றார்,
செருப்பில்லாமல் வந்தவளைப் பார்ப்பதுபோல்.

பள்ளிச் சான்றிதழில் த. இளவேனில்.
அங்கே வாங்கிய பட்டத்தில்
இளவேனில் தணிகாசலம்.
ஆதாரில் வெறும் இளவேனில்,
பருவகாலம்போல
யாருக்கும் மகளில்லாமல்.
"இதில் நீங்கள் யார், மேடம்?"

கீழே வேப்பமரத்தடியில் ஒரு நோட்டரி.
மேற்படி மூவரும் ஒருவரே என்று
பிரமாணம் செய்துகொடுத்தேன்.
கோயில் வாசலில் சொல்லியிருந்தால் தத்துவம்.
இங்கே பத்து ரூபாய் முத்திரைத்தாள்,
நோட்டரிக்கு இருநூறு,
பசைக்குத் தனியாக இருபது.

ஒப்பந்தத் தாளுக்கு விலக்குக் கேட்டு
நாலு பக்கம் எழுதினேன்.
"இந்தச் சட்டமே அந்தப் பக்கமிருந்து
கப்பலேறி வந்ததுதானே ஐயா,
அதற்கு யார் பரீட்சை வைத்தார்கள்?"
இந்த வரியை மட்டும் அடித்துவிட்டேன்.
மனுவில் புத்திசாலித்தனம் கூடாது என்பது
இரண்டு தேசத்துக்கும் பொது விதி.

டிசம்பரில் பதில் வந்தது.
தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது.
அவ்வளவுதான்.
மொட்டை மாடி வெயிலில்
நேகி கின்னு உரித்துக்கொண்டிருந்தார்.
"பரிசீலிக்கப்பட்டது என்றால்
இல்லை என்று அர்த்தம்," என்றார்.
பாதிப் பழத்தை என் பக்கம் நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன்.
புளிப்பு.

லக்ஷ்மி நகர் ஜெராக்ஸ் கடையில்
எனக்கு முன்னால் ஒரு வக்கீல்,
தீஸ் ஹசாரியில் முப்பத்தொரு வருடமாம்.
பழைய பிரிவு, புதிய பிரிவு என்று
இரண்டு பத்தி அட்டவணையை
லேமினேட் செய்யக் கொடுத்திருந்தார்.
"தூக்கத்தில்கூட முந்நூற்றிரண்டு என்பேன்.
இப்போது நூற்று மூன்று.
நீதிபதியும் உளறுகிறார், நானும் உளறுகிறேன்,
கைதி மட்டும் சரியாகச் சொல்கிறான்."
சிரித்தோம்.
எங்கள் ஊரில் மோசடிக்காரனை
ஃபோர் ட்வென்டி என்று திட்டுவோம்.
இனி முந்நூற்றுப் பதினெட்டே என்றால்
எவனுக்கு உறைக்கும்?
அட்டவணையில் இன்னொரு பிரதி கேட்டேன்.
லேமினேஷனுக்கு அவரே காசு கொடுத்துவிட்டார்.

பிப்ரவரி, துவாரகாவில் ஒரு பள்ளிக்கூடம்.
வாசலில் கண்காணிப்பாளர்
கை நீட்டி மறித்தார்:
"பேரண்ட்ஸ் வெளியே நிற்கணும்."
ஹால் டிக்கெட்டைக் காட்டினேன்.
படம், முகம், மறுபடி படம்.
மேற்படி இருவரும் ஒருவரே என்று
அவர் தானாகவே முடிவுக்கு வந்தார்,
முத்திரைத்தாள் இல்லாமல்.

ஆறாம் வகுப்பு பெஞ்சு.
முழங்கால் உள்ளே போகவில்லை.
பக்கத்தில் பர்மிங்காமில் படித்துவந்த பையன்:
"ஆன்ட்டி, பேனா இருக்கா?"
மூன்று இருந்தது, ஒன்றைக் கொடுத்தேன்.

விடைத்தாள் வந்தது.
மேலே கொட்டை எழுத்தில்
பதிவெண்ணை மட்டும் எழுதவும்,
பெயரை எங்கும் எழுதக் கூடாது.

சத்தமாகவே சிரித்துவிட்டேன் போலிருக்கிறது,
கண்காணிப்பாளர் திரும்பிப் பார்த்தார்.

முதல் கேள்வி.
மறுபயன் இல்லாத வாக்குறுதி
எப்போது செல்லும்? உதாரணம் தருக.
பழம் நினைவுக்கு வந்தது.
அதை எழுதவில்லை.
பிரிவு இருபத்தைந்து என்று தொடங்கினேன்.